தெற்கு சூடானில் ராணுவப் பயிற்சியாளர் வேலை: கையெழுத்திடும் முன்

கேள்வி: மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, மார்த்தாண்டம் அருகே வசிக்கிறேன். தெற்கு சூடானில் புதிதாக உருவாகும் தேசிய ராணுவத்துக்குப் பயிற்சி அளிக்க ஆள் எடுப்பதாக ஒரு முகவர் அழைக்கிறார். இரண்டு ஆண்டு ஒப்பந்தம். போகலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. முதற்காரணம் சட்டம் சார்ந்தது. 2018 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு அவை தெற்கு சூடான்மீது ஆயுதத் தடை விதித்தது. அது ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வருகிறது. துப்பாக்கி விற்பதை மட்டுமல்லாமல், ராணுவ நடவடிக்கை தொடர்பான பயிற்சி அளிப்பதையும் அந்தத் தடை கட்டுப்படுத்துகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தத் தடையைக் கண்காணிக்கும் ஐ.நா. தடைக் குழுவின் முன்அனுமதி போன்ற விதிவிலக்கு எதுவும் இல்லாமல் ஒரு தனியார் நிறுவனம் உங்களை அழைத்துச் சென்றால், சிக்கல் உங்கள் தலையில்தான் விழும்.

இரண்டாவது காரணம் வேலையின் தன்மை. உங்கள் ரெஜிமெண்டின் வெலிங்டன் பயிற்சி மையத்தில் நாகர்கோவில்காரரும் கொல்லத்துக்காரரும் கடப்பாக்காரரும் ஒரே அணியில் நின்று ஒரே கட்டளைக்குக் கால் எடுத்து வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். மாதம் தவறாத சம்பளமும் கேள்விக்கு இடமில்லாத ஒரே தலைமையும் அந்த அணிக்குப் பின்னால் இருந்தன. உள்நாட்டுப் போர் ஓய்ந்த நாட்டிலோ, நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டவர்கள், தங்களைப் போருக்கு அழைத்து வந்த தளபதியின் முகத்தைப் பார்த்தபடிதான் அணியில் நிற்பார்கள். தெற்கு சூடானில் 2013-இல் மூண்ட போருக்குப் பின், 2018 அமைதி ஒப்பந்தப்படி 83,000 பேர் கொண்ட ஒருங்கிணைந்த படை அமைய வேண்டியிருந்தது. முதல் அணி பயிற்சி முடித்து வெளிவந்ததோ 2022 ஆகஸ்டில். முகாம்களில் பலர் மரத்துப்பாக்கியைத் தோளில் சாத்தி அணிநடை பயின்றார்கள். சாப்பாடு இல்லாமல் முகாமை விட்டே போனவர்களும் உண்டு. அந்த அமைதி ஒப்பந்தத்தின் ஒரு தரப்புத் தலைவரான ரியக் மச்சார் 2025 மார்ச்சில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். மேலே உடைந்து கிடப்பதை மைதானத்தில் ஒரு ஹவில்தார் ஒட்டவைக்க முடியாது.

இத்தகைய பணி எங்குமே நடக்காது என்று சொல்லவில்லை. லைபீரியாவில் 2003-இல் போர் முடிந்தபின் பழைய ராணுவத்தை அடியோடு கலைத்துவிட்டு, ஏறத்தாழ 2,000 பேரைப் புதிதாகச் சேர்த்தார்கள். அமெரிக்க அரசு அமர்த்திய தனியார் நிறுவனங்களே அங்கே பயிற்சி அளித்தன. ஆனால் பயிற்சிக்கு முன்பே, விண்ணப்பித்தவர்களின் படங்களை ஊரறிய வெளியிட்டு, போரில் இவர்கள் கொடுமை செய்ததைக் கண்டவர்கள் வந்து சொல்லலாம் என்று மக்களிடம் கேட்டார்கள். தன் வீட்டைக் கொளுத்தியவன் அதே நாட்டின் சீருடையில் வந்து நின்றால் எந்தத் தாயும் அந்த ராணுவத்தை நம்பமாட்டாள் அல்லவா? எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

சம்பளத்தையும் பாருங்கள். காங்கோவில் தளபதிகளின் கை வழியாகவே சம்பளம் போனதால், இல்லாத வீரர்களின் பெயர்களும் பட்டியலில் ஏறின. இருந்தவர்களுக்கோ பணம் முழுதாகச் சேரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆலோசகர்கள் சென்று, கட்டளை தருபவர் வேறு, பணம் தருபவர் வேறு என்று பிரிக்க உதவினார்கள். பட்டினி கிடக்கும் வீரன் சோதனைச் சாவடியில் ஊர்மக்களிடம் பறிப்பான். நீங்கள் கற்றுக்கொடுத்த ஒழுக்கம் அன்றோடு போய்விடும்.

ஆகவே முகவரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அந்நாட்டு அரசா, தனியாரா? தடைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே? பயிற்சி பெறுவோரைச் சலித்தெடுத்தவர் யார், அவர்களுக்குச் சம்பளம் தருபவர் யார்? காயம்பட்டால் உங்களை ஊருக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது? 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி அந்த முகவர் பதிவு செய்தவரா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கடிதங்களைக் காட்டி விசாரியுங்கள். பதில்கள் கைக்கு வரும்வரை கடவுச்சீட்டையும் பணத்தையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.