மருந்து அடிக்கும் முன் நோட்டீஸில் என்ன எழுதுவது?

கேள்வி: மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்கு நான்தான் செக்ரட்டரி. கரப்பான், மூட்டைப்பூச்சிக்கு வீடு வீடாக மருந்து அடிக்கப் போகிறோம். போன தடவை போர்டில் 'ஞாயிறு பெஸ்ட் கன்ட்ரோல்' என்று மட்டும் எழுதியதில் சண்டையே வந்துவிட்டது. எத்தனை நாள் முன்பு, என்னென்ன சொல்ல வேண்டும்?

பதில்: மூன்று நாள் முன்பு ஒரு தடவை, முந்தின நாள் மாலை ஒரு தடவை சொன்னால் போதும். ஆனால் தேதி மட்டும் தெரிந்து யாருக்கு என்ன பயன்? மருந்தின் பெயரைக் கம்பெனியிடம் கேட்டு எழுதுங்கள். டப்பா லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறத்தையும் பாருங்கள்: சிவப்பு என்றால் கடும் நஞ்சு, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். கம்பெனியின் லைசென்ஸ் நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெல்லா, ஸ்ப்ரேயா என்று கட்டாயம் எழுதுங்கள். கரப்பானுக்கு ஜெல் வைத்தால் யாரும் வெளியே போக வேண்டாம். ஆனால் அலமாரிக் கீலில் வைத்த ஜெல் புள்ளியை, மறுநாள் வீட்டு வேலைக்கு வரும் பாயி ஃபினாயில் போட்டுத் துடைத்துவிட்டால் காசு போச்சு. அதனால் நோட்டீஸ் மராத்தியிலும் இந்தியிலும் இருக்கட்டும்.

டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிமருந்தை ஸ்ப்ரே செய்தால், மருந்து காய்ந்து, ஜன்னல் திறந்து காற்று வரும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது. எத்தனை மணி நேரம் என்பதை லேபிளைப் பார்த்து எழுதுங்கள். தோசை மாவு, தட்டு, பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் மூடி வைக்கச் சொல்லுங்கள். மீன்தொட்டியைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். இந்த வகை மருந்து மீனைக் கொன்றுவிடும். தொட்டியை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுவதோடு ஏர் பம்ப்பையும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பம்ப்பே அறைக் காற்றை உள்ளே இழுத்துவிடும்.

மருந்து வேண்டாம் என்ற வீட்டுக்கும் சொல்ல வேண்டும். பாத்ரூம் காற்று போகும் டக்ட் எல்லா மாடிக்கும் ஒன்றுதானே! கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா உள்ள வீடுகளில் நேரில் கதவைத் தட்டுங்கள். வாட்ஸ்ஆப்பில் நீல டிக் விழுந்தால் படித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

மூட்டைப்பூச்சி முட்டை ஒரே தடவையில் சாகாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி அடிப்பார்கள். இரண்டு தேதியையும் ஒரே நோட்டீஸில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. 'மாத்திரை வைத்தால் ஒரே நாளில் போய்விடும்' என்று யாராவது அலுமினியம் பாஸ்பைடு கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். வீடுகளில் அதை வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு பக்கத்து வீட்டில் தூங்குபவரையும் கொன்றுவிடும்.

நோட்டீஸின் அடியில் டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: 1800 116 117.