நறுக்குகிற பலகையில் நிழல் விழுந்தால்

கேள்வி: அக்கா, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்களுடையது பழைய கவுன்சில் வீடு. சமையலறை நடுவில் ஒரே ஒரு பல்ப். இருட்டாக இருக்கிறதே என்று 9 வாட்டைக் கழற்றிவிட்டு 15 வாட் போட்டேன். கண் கூசுகிறதே தவிர வெங்காயம் நறுக்குகிற இடம் இன்னும் இருட்டுதான். கூரையில் எட்டு டவுன்லைட் (கூரைக்குள் பதிக்கிற சின்ன விளக்கு) போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்மா. உன் விளக்கு உன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, சிக்கல் அதுதான். பல்ப் நடுக்கூரையில், மேடை சுவரோரத்தில். நீ மேடையைப் பார்த்து நின்றதுமே உன் தலையும் தோளும் பலகை மேல் நிழலாக விழுந்துவிடும், அதற்கு 30 வாட் போட்டாலும் நிழல் அங்கேயேதான் இருக்கும். இன்று ராத்திரி ஒரு வெள்ளைத் தாளை மேடையில் விரித்து, வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று பார். அப்புறம் போன் டார்ச்சைப் போட்டு, மேல் அலமாரியின் முன் விளிம்புக்கு அடியில் பிடி. தாளில் இருந்த நிழல் கரைந்துபோகும். விளக்கு வர வேண்டிய இடம் அதுதான்.

எட்டு டவுன்லைட்டும் நடைபாதைக்கு மேலே வரிசையாக வந்தால் அதே நிழல்தான், கூடவே செலவு. அவற்றில் பல 36 டிகிரி மட்டுமே விரிகிற குறுகிய ஒளி, தரையில் வட்டம் வட்டமாக விழும், மேடைக்கு உதவாது.

அலமாரிக்கு அடியில் எல்இடி ஸ்ட்ரிப், அதாவது நாடா மாதிரி நீள விளக்கு, போடு. 12 அல்லது 24 வோல்ட்டில் வரும், வீட்டு கரண்டை அந்த அளவுக்குக் குறைத்துத் தருகிற டிரைவர் பெட்டியோடு வாங்கு. வெறும் ஸ்ட்ரிப்பை ஒட்டாதே, பால் நிற மூடியுள்ள அலுமினியச் சட்டத்தில் போடு. சூட்டை அலுமினியம் இழுத்துக்கொள்ளும், மேடையில் புள்ளி புள்ளியாகத் தெரியாது, எண்ணெய்ப் பிசுக்கையும் துணியால் துடைத்துவிடலாம். மேல் அலமாரியே இல்லையென்றால், மேடைக்கு நேர் மேலே சுவரில் ஒரு எல்இடி டியூப் போதும்.

வாங்கும்போது வாட்டைப் பார்க்காதே, லூமெனைப் பார். வாட் கரண்ட் செலவு, லூமென்தான் வெளிச்சத்தின் அளவு. பழைய 60 வாட் குண்டு பல்ப் தந்தது ஏறக்குறைய 800 லூமென், இன்று அதை 9 வாட் எல்இடி தந்துவிடும். ஸ்ட்ரிப்புக்கு மீட்டருக்கு 500 லூமெனுக்குக் குறையாமல் கேள். நிறத்துக்குக் கெல்வின்: 2700, 3000 மஞ்சள் கலந்தது, 6500 நீலம் அடிக்கிற வெள்ளை. சமையலறைக்கு 3000 முதல் 4000 வரை சரி.

பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரியும் என்று 100க்குச் சொல்வது, அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 80 பரவாயில்லை, 90 இருந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வாங்கு, ஏனென்றால் மட்டமான எல்இடியில் முதலில் மங்குவது சிவப்பு. நம் சமையலில் சிவப்பு எவ்வளவு முக்கியம் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? எண்ணெயில் மசாலாத் தூளைப் போட்டதும் நல்ல சிவப்பிலிருந்து பழுப்புக்கு மாறுகிற அந்த ஒரு நொடியில் தக்காளியைக் கொட்ட வேண்டும். மட்டமான வெளிச்சத்தில் நிறம் தெரியாது, வாடை வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் கரிந்திருக்கும். ஷாட் மீன் கழுவும்போது ஒட்டிக்கிடக்கிற செதிலுக்கும் இதே கதைதான்.

பல்ப் வாங்கப் போகுமுன் ஹோல்டரைப் பார்த்துக்கொள். அழுத்தித் திருப்புகிறதும் மரை உள்ளதும் இரண்டுமே இங்கே புழக்கத்தில் உண்டு. புதிதாக வயர் இழுக்க வேண்டுமென்றால் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, வேலை முடிந்ததும் சான்றிதழைக் கேட்டு வாங்கு. நாளை வீட்டை விற்கும்போது அது இல்லாமல் நகராது.

கேள்வி: கரண்ட் போனாலும் எரிகிற ரீசார்ஜ் பல்பை சமையலறையில் போடலாமா? (டர்பன் ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: போடுங்கள், அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கிற பேட்டரிக்குச் சூடு ஆகாது, மூடிய கண்ணாடிக் குடத்துக்குள்ளும் வைக்காதீர்கள். சுவர் ஸ்விட்ச் ஆனில் இருந்தால்தான் சார்ஜ் ஏறும், எப்போதும் அணைத்தே வைத்திருந்தால் கரண்ட் போகிற அன்று எரியாது.

கேள்வி: வாங்கி இரண்டு மாதத்தில் பல்ப் போய்விட்டது. "எல்இடிக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று கடையில் போர்டே வைத்திருக்கிறார்கள்.

பதில்: அந்த போர்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால் கடைக்காரர் சரிசெய்து தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். மூன்றில் எது என்று சொல்வது நீங்கள், அவர் இல்லை. நீங்களே திறந்து நோண்டியிருந்தால் மட்டும் இது செல்லாது. ரசீது வேண்டும். எனக்கே ஒருமுறை ஸ்ட்ரிப் பாதி அணைந்துபோய், ரசீதைத் தேடி எடுத்தால் எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத் தாளாக இருந்தது, கடையில் வாதாட ஒன்றும் இல்லாமல் வந்தேன். அன்றிலிருந்து வாங்கிய உடனே ரசீதைப் போனில் படம் எடுத்துவிடுகிறேன். அப்படியும் மறுத்தால், மறுத்ததை எழுதித் தரச் சொல்லுங்கள், பிறகு நுகர்வோர் பொருள், சேவைகளுக்கான ஒம்புட்ஸ்மனுக்கு (குறைகேட்கும் அமைப்பு) புகார் அனுப்புங்கள்.