சபை எதற்கு என்று கேட்பவருக்கு

கேள்வி: நான் பிறந்து வளர்ந்த சபைக்கு மூன்று வருடமாகப் போவதில்லை. திருமண்டலத் (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாக வட்டம்) தேர்தல் வந்தாலே இரண்டு அணி, கைகலப்பு, கோர்ட் வழக்கு. ஓட்டு விழுவது சாதி பார்த்துத்தான். சேகரக் கமிட்டியில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளை நிர்வகிக்கும் குழுவில்) கணக்கு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பமாக உட்கார்ந்து யூடியூபில் நல்ல செய்தி கேட்கிறோம், ஜெபிக்கிறோம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை ஊழியங்களுக்கு ஜிபேயில் அனுப்பிவிடுகிறோம். இயேசுவோடு எனக்கு நேரடி உறவு இருக்கும்போது சபை எதற்கு? பேராயர் முன் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல் எடுக்கிற வயது மகனுக்கு வந்துவிட்டது. அதற்காக மட்டும் சங்கக் காணிக்கை (சபை உறுப்பினர் சந்தா) பாக்கியைக் கட்டிவிடலாம் என்று இருக்கிறேன். இதில் தவறு உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரரே, தவறு உண்டு. நீங்கள் நேராகக் கேட்டதால் நானும் நேராகவே சொல்கிறேன்.

நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகளில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-லேயே கடிதம் எழுதினார். அதைப் பொறுக்காமல் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு வெளியேறினார்கள். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டு ஆகப்போகிறது. இன்றைக்கும் அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டவேண்டிய நிலையில் நாம் இருப்பது பெரிய வெட்கம். தேர்தல் வழக்குகளும் அப்படித்தான். காணிக்கைப் பையில் விழுந்த காசு வக்கீல் பீஸாகப் போவதைப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறது.

ஆனால் வேதாகமத்தில் வரும் கொரிந்து சபையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நான் பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி, நான் கேபா (பேதுரு) கட்சி என்று அங்கேயும் அணி பிரிந்து நின்றார்கள். சகோதரன் மேல் சகோதரன் வழக்குப் போட்டு அவிசுவாசிகளிடம் நியாயம் கேட்கப் போனான். தகப்பனுடைய மனைவியையே ஒருவன் வைத்துக்கொண்டிருந்தான். அதைக் கண்டிக்க ஆள் இல்லை. திருவிருந்துக்குக் கூடினால் வசதியுள்ளவன் முந்திச் சாப்பிட்டுக் குடிவெறியில் இருப்பான், இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருப்பான். உங்கள் சேகரத்தின் நிலைமை இதைவிட மோசமா? இப்படிப்பட்ட கூட்டத்துக்குத்தான் பவுல், 'கொரிந்துவிலே உள்ள தேவனுடைய சபைக்கு' என்று விலாசம் போட்டுக் கடிதம் எழுதுகிறார். ஒன்றரை வருடம் அவர்கள் நடுவில் தங்கி, கூடாரம் தைத்துப் பிழைத்து வளர்த்த சபை அது. திட்டினார், தீமோத்தேயுவை அனுப்பினார், கண்ணீரோடு மறுபடியும் எழுதினார். இனி எனக்கும் உங்களுக்கும் ஒட்டு உறவு இல்லை என்று மட்டும் எழுதவில்லை.

அவரால் ஏன் விட முடியவில்லை? மிலேத்து பட்டணத்தில் எபேசு சபையின் மூப்பர்களை வரவழைத்து அவர் பேசியதில் பதில் இருக்கிறது. தேவன் தம்முடைய சுயரத்தத்தினாலே சம்பாதித்துக்கொண்ட சபை என்கிறார். நம் கமிட்டி எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதை வைத்துச் சபைக்கு மதிப்புப் போட முடியாது. கிறிஸ்து அதற்குக் கொடுத்த விலைதான் அதன் மதிப்பு. அவர் அவ்வளவு கொடுத்து வாங்கியதை, எனக்குத் தேவையில்லை என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? இயேசுவோடு உறவு உண்டு என்கிறீர்கள். உண்டுதான். ஆனால் அவரோடு உறவு வந்த அன்றைக்கே அவருடைய ஜனங்களோடும் உங்களுக்கு உறவு வந்துவிட்டது. அதை வெட்டிவிட உங்களுக்கு அதிகாரம் இல்லை.

யூடியூப் செய்திகளை நான் குறை சொல்லவில்லை. படுக்கையில் இருப்பவர்களுக்கும், வெளிநாட்டில் தமிழ் ஆராதனை கிடைக்காதவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் அந்தப் பிரசங்கியாருக்கு உங்கள் பெயர் தெரியாது. மனைவியோடு நீங்கள் ஒரு மாதமாகப் பேசவில்லை என்றால் அவரால் கேட்க முடியாது. பிடிக்காத பிரசங்கத்தை நீங்களே தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடலாம். சபையில் அது நடக்காது. நம்மோடு மனஸ்தாபம் உள்ளவர் பக்கத்திலேயே முழங்கால்படியிட்டு, அவர் குடித்த அதே பாத்திரத்தில் நாமும் குடிக்கவேண்டும். அந்த நேரத்தில் மனதுக்குள் நடக்கிற போராட்டம் இருக்கிறதே, அதற்காகவே நான் சபைக்குப் போவேன்.

அப்புறம், துக்கம் வரும் நாள். நடுராத்திரியில் வீட்டில் ஒரு உயிர் பிரிந்தால் முதலில் யார் வருகிறார்கள்? ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை துக்க மணி அடிப்பார். விடிவதற்குள் வாலிபர் சங்கப் பையன்கள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பெண்கள் ஐக்கியத்தில் இருந்து யாராவது கறுப்புக் காப்பி போட்டுக்கொண்டு வருவார்கள். தேர்தலில் எதிர் அணியில் நின்று உங்களைத் திட்டினவரும் வந்து பாடையைத் தூக்குவார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜெபத்துக்கும் வருவார்கள். அதே ஆட்கள்தான் போன மாதம் கமிட்டியில் சண்டை போட்டவர்கள். சபை என்றால் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

உங்கள் பாட்டியையோ அவருடைய தாயாரையோ நினைத்துப் பாருங்கள். உலை கொதிக்கும்போது அரிசியைக் களைந்து போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். வீட்டில் அரைவயிறாக இருக்கும் நாளிலும் அந்தப் பிடி குறையாது. வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். ஊர்ச் சபையை நடத்தும் உபதேசியாருக்கும் ஏழைகளுக்கும் பங்காகும், இல்லையென்றால் ஏலத்தில் விற்றுக் காசாகும். முதல் முட்டையும், கொல்லையில் காய்த்த முதல் முருங்கைக்காயும் அப்படித்தான் ஏலத்துக்கு வந்தன. பெரும்பாலும் பனங்காட்டில் உழைத்துப் பிழைத்த ஜனங்கள். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடி ஆலயம் 1847-ல் தொடங்கி 1880-ல்தான் பிரதிஷ்டையானது. முப்பத்து மூன்று வருடம் ஒரு தலைமுறை பொறுத்திருந்தது. 1799-ல் சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் முதலூர் உண்டானதே, ஊரில் இருக்கவிடாமல் துரத்தப்பட்ட விசுவாசிகள் தலைசாய்க்க இடம் வேண்டும் என்றுதான். அடி வாங்கியும் வீடு போயும் அவர்கள் தனித்தனியாக ஒளிந்துகொள்ளவில்லை, ஒன்றாகக் குடியேறினார்கள். இந்த ஜனங்களிடமிருந்துதான் 1903-ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியரின் ஆள், இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம் என்று சொல்லி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-ல் அங்கே பேராயரானார். நீங்களும் நானும் ஞானஸ்நானம் பெற்றது, படித்தது, வேலைக்குப் போனது எல்லாம் அவர்கள் கொடுத்ததன் பலன். அதை அனுபவித்துவிட்டு, நமக்கு மனக்கசப்பு வந்ததும் விலகிக்கொள்வது நன்றிகெட்ட செயல். கடுமையாகத்தான் சொல்கிறேன், மன்னியுங்கள்.

சரி, அநியாயம் நடக்கும்போது என்னதான் செய்வது? அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். எருசலேம் சபையில் அன்றாட விசாரணையில் (தினசரி உதவிப் பங்கீட்டில்) எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்கு மொழி பேசினவர்கள் முறுமுறுத்தார்கள். நம் பாஷையில் சொன்னால் பாரபட்சம், பங்கீட்டில் குளறுபடி. அவர்கள் தனிக்கூட்டம் ஆரம்பிக்கவில்லை. முறையீட்டைச் சபை நடுவில் வைத்தார்கள். அப்போஸ்தலரும் அதை அமுக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பாரிடமே சபை பந்தி விசாரிப்பை ஒப்படைத்தது, அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். கணக்கு சரியில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்த உங்களைப் போன்றவர்தான் அந்தக் கணக்குப் புத்தகத்தின் முன் உட்காரவேண்டியவர். நீங்கள் ஓட்டுப் போடாமல் வீட்டில் இருந்த நாளில் சாதி பார்த்து ஓட்டுப் போட்டவர்கள் தவறாமல் வந்திருப்பார்கள். நல்லவர்கள் நாற்பது பேர் ஒதுங்கினால் ஒரு சேகரத்தின் முடிவே மாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஜிபேயில் அனுப்புகிற தசமபாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் சேகரத்தில் கணக்கு காட்டவில்லை என்று கோபப்படுகிறீர்கள். அங்கே நீங்கள் அங்கத்தினர், எழுந்து நின்று கேட்க உரிமை உண்டு. இப்போது பணம் அனுப்புகிற இடத்தில் எந்தக் கூட்டத்தில், யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஊழியங்களுக்குக் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உங்கள் தெருவில் இருக்கிற விதவைக்கு மாதாமாதம் உதவுகிற சபையின் பங்கை அதற்காக நிறுத்தாதீர்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். பாக்கியை மட்டும் கட்டி அவனைத் திடப்படுத்தல் வகுப்புக்கு அனுப்புவது அவனுக்குச் செய்யும் அநியாயம். பேராயர் முன்னால் நின்று இந்தச் சபையின் ஐக்கியத்தில் நிலைத்திருப்பேன் என்ற எண்ணத்தோடு அவன் பொருத்தனை பண்ணவேண்டும். அப்பா மூன்று வருடமாக அந்த வாசலை மிதிக்கவில்லை என்று தெரிந்த பையன் அதை எந்த மனதோடு சொல்வான்? ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை. முதலில் நீங்கள் போங்கள். வார நாளில் ஐயரை, அதாவது உங்கள் சபைப் போதகரை, தனியாகப் பார்த்து, ஏன் வராமல் இருந்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். உங்களைப் புண்படுத்தின கமிட்டிக்காரரிடமும், மத்தேயு பதினெட்டில் ஆண்டவர் சொன்னபடி, தனித்திருக்கையில் பேசுங்கள். அடுத்த சபைக் கூட்டத்தில் தணிக்கை செய்த வரவுசெலவைக் கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். தனியாகக் கொடுக்காமல் இன்னும் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கோ பெண்களுக்கோ தீங்கு நடந்திருந்தால் அது குற்றம். அங்கே தனித்துப் பேசுவதற்கும் பொறுத்துப்போவதற்கும் இடமில்லை, போலீசுக்குத்தான் போகவேண்டும். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று அதை மூடுகிறவர்தான் சபையைக் கெடுக்கிறவர். அப்படிப்பட்ட இடத்தை விட்டு வந்தவர்களையோ, கிறிஸ்துவை மறுதலிக்கிற உபதேசத்தை விட்டு வந்தவர்களையோ நான் குற்றப்படுத்தமாட்டேன். அவர்கள் வேறொரு சபையில் சேர்ந்துகொள்ளட்டும். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அப்படி எதுவும் அதில் இல்லை. நீங்கள் விலகினது தேர்தலுக்காகவும் கணக்குக்காகவும். இரண்டிலும் உங்களுக்கு ஓட்டும் உண்டு, கேட்க வாயும் உண்டு.