கடலோர வீட்டு வாசலுக்கு போர்சலின் கல்: எபாக்சி கிரவுட்டா, சிமெண்ட் கிரவுட்டா?

கேட்டவருக்கு தேவிபட்டினம் பக்கம் வீடு, கடல் கூப்பிடு தூரம். வாசல்ல 300 சதுர அடிக்கு 20 எம்எம் போர்சலின் கல் பதிக்கிறாராம், கல் இடுக்கை அடைக்கிற பூச்சுக்கு (அதான் கிரவுட்) கடைக்காரர் எபாக்சி, அதாவது பிசின் ரகம்தான் போடணும்னு அடிச்சு சொல்றாராம், விலை பல மடங்கா இருக்கே, போடலாமாங்கறாரு.

வெயில் நேரா விழுற இடத்துக்கு வேணாங்க. நான் மண்டபத்துக்காரன், காசைக் கரியாக்கிக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

எங்க வீட்டுல மேஸ்திரி ஒயிட் சிமெண்டை போர் தண்ணில குழைச்சு இடுக்கெல்லாம் அடைச்சிட்டுப் போனாரு. ஐப்பசி மழை விட்டு ரெண்டு நாள் வெயில் அடிச்சதும் கோடு கோடா வெள்ளையா பூத்துருச்சு, அம்மா வெளிய வந்து "யாருடா கோலமாவைக் கொட்டினது"ன்னு கேட்டாங்க. நகத்தால சுரண்டி நாக்குல வச்சா கரிச்சுது. கரிச்சா கடல் உப்பு, தண்ணி வழியாவோ மணல் வழியாவோ வந்தது. கரிக்காம சப்புன்னு இருந்தா அது சிமெண்ட்லயே இருக்குற சுண்ணாம்பு. நம்ம ஊர்ல பெரும்பாலும் ரெண்டும் சேர்ந்துதான். உடனே ஆசிட் ஊத்தித் தேய்ச்சாங்க, வெள்ளை போச்சு, கூடவே இடுக்குல இருந்த சிமெண்டும் அரிச்சுக்கிட்டுப் போச்சு.

போர்சலின் கல்லு தண்ணியே குடிக்காது, நூத்துக்கு அரை கூட உறிஞ்சாது. அதனால மேல இருந்து இறங்குற தண்ணிக்கும் கீழ இருந்து ஏறுற உப்புக்கும் அந்த இடுக்கு ஒண்ணுதான் வழி.

எபாக்சி கதை கீழக்கரைல மச்சான் வீட்டு மொட்டை மாடில பார்த்தது. ஐவரி கலர், மே மாச உச்சி வெயில்ல போட்டாங்க. கலந்தா முக்கால் மணி நேரம் வரைக்கும் பூசலாம்னு டப்பால போட்டிருந்துச்சு, அந்தச் சூட்டுல இருபது நிமிஷத்துல கல்லாயிருச்சு. வழுக்காம இருக்கணும்னு சொரசொரப்பான கல்லு எடுத்தது வேற, அந்தப் பள்ளத்துலெல்லாம் எபாக்சி படலமா ஒட்டிக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் அழுக்கு புடிச்சு நிக்குது. அடுத்த வருஷம் கோடெல்லாம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி ஆயிருச்சு, வெயில் பட்டா சாதாரண எபாக்சி அப்படித்தான். மீன் அலசுற இடம், துணி துவைக்கிற இடம், நிழலா இருந்தா அங்க எபாக்சி போடுங்க, அதுல குறையே சொல்ல மாட்டேன்.

வாசலுக்கு பாலிமர் (பிளாஸ்டிக் மாதிரி ஒட்டுற பொருள்) கலந்த சிமெண்ட் கிரவுட், அதுலயும் மணல் கலந்த ரகமா கேட்டு வாங்குங்க. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல கேப் 5 எம்எம் விடுங்க. "கேப் விட்டா அழகா இருக்காதுண்ணே"ன்னு மேஸ்திரி சொல்லுவாரு, கேப் ஒரே அளவா நிக்க நடுவுல வைக்கிற பிளாஸ்டிக் ஸ்பேசரை நீங்களே வாங்கிக் கையில குடுத்துருங்க. 60க்கு 60 சென்டிமீட்டர் கல்லு, 20 எம்எம் ஆழமும் முழுசா அடைக்கணும்னா சதுர மீட்டருக்கு அரை கிலோ சொச்சம், உங்க 300 சதுர அடிக்கு 15 கிலோ கிட்ட வரும். மேல மட்டும் பூசி ஏமாத்துனா ரெண்டு பாக்கெட் மிச்சம் நிக்கும், அதை வச்சே கண்டுபிடிச்சிரலாம்.

தண்ணிதான் முக்கியம், பிராண்டை விட. குழைக்கிறதுக்கு ஒரு குடம் குழாய்ல வர்ற காவிரி தண்ணி எடுத்து வச்சிருங்க, துடைக்கிற ஸ்பான்ஜும் அதுலதான் நனையணும், போர் தண்ணி பக்கத்துலயே வரக்கூடாது. சில கம்பெனில தண்ணிக்கு பதிலா ஊத்துறதுக்கே பாலிமர் பால் தர்றாங்க, கிடைச்சா அது இன்னும் நல்லது. பாக்கெட்ல சொன்ன அளவுக்கு மேல தண்ணி ஊத்தினா காஞ்சதும் மாவா உதிரும், கலரும் திட்டுத்திட்டா நிக்கும். வேலையை சாயங்காலம் வெயில் தாழ்ந்து ஆரம்பிங்க, கச்சான் காத்து வீசுற மாசம்னா ஒரு தார்ப்பாய் மறைப்பு கட்டாம இறங்காதீங்க, மணலையும் அள்ளிப் போடும், ஈரத்தையும் உறிஞ்சிரும்.

அப்புறம் ஒண்ணு, சுவரும் கல்லும் சேர்ற ஓரத்துலயும், நடுவுல ஒவ்வொரு 3 மீட்டருக்கும் ஒரு கோடும் கிரவுட் போடாம பியூ சீலண்ட் (ரப்பர் மாதிரி இழுபடுற பாலியூரித்தேன் பசை) அடிக்கச் சொல்லுங்க, வெயில்ல கல்லு விரிய இடம் வேணும். எங்க வீட்டுல அதை விட்டதுக்கு சித்திரை வெயில்ல ரெண்டு கல்லு கூரை மாதிரி தூக்கிக்கிட்டு நின்னுச்சு. கலர் சாம்பல் இல்லன்னா மணல் கலர், வெள்ளை கேட்கவே கேட்காதீங்க.