நோயெதிர்ப்புச் செல்கள் சர்க்கரையை வைத்து நம் செல்லையும் கிருமியையும் எப்படிப் பிரித்தறிகின்றன?

செல்களின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை லெக்டின் என்ற ஏற்பிகள் பற்றுகின்றன. நம் செல்களில் அச்சங்கிலிகளின் நுனியில் பெரும்பாலும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை இருக்கும். நோயெதிர்ப்புச் செல்களில் உள்ள சிக்லெக் என்ற லெக்டின் வகை ஏற்பிகளில் பல அதைப் பற்றியதும் எஸ்ஹெச்பி-1 நொதியை வரவழைத்துத் தாக்குதலைத் தணிக்கும். புற்றுநோய்ச் செல்கள் சியாலிக் அமிலத்தை அளவுக்கு மீறிப் பூசிக்கொள்வதும் இந்தச் சலுகைக்காகத்தான்.

கிருமிப் பக்கம், டென்ட்ரைட்டிக் செல் என்ற நோயெதிர்ப்புச் செல்லில் உள்ள டிசி-சைன் என்ற லெக்டின் நல்ல உதாரணம். அதிலுள்ள கால்சியம் அயனி, மான்னோஸ் என்ற சர்க்கரையின் 3, 4ஆம் கார்பன்களில் உள்ள ஹைட்ராக்சில்களைப் பிடிக்கும். ஒரு பிணைப்பு மட்டும் என்றால் மிகப் பலவீனம். மில்லிமோலார் செறிவில்தான் தெரியும். ஆனால் ஏற்பி நான்கு நான்காகச் சேர்ந்திருப்பதால், மான்னோஸ் நெருக்கமாக உள்ள கிருமிப் பரப்பில் இறுக ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையின் வகையோடு அதன் அடர்த்தியும் முடிவைத் தீர்மானிக்கிறது. பாடநூல்கள் இதைப் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

டெக்டின்-1 என்ற இன்னொரு லெக்டின் பூஞ்சைச் சுவரின் பீட்டா-1,3-குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியைப் பற்றும், கால்சியம் தேவையில்லை. கேண்டிடா என்ற பூஞ்சை அந்தக் குளுக்கானை மான்னன் (மான்னோஸ் சங்கிலி) அடுக்குக்குக் கீழே ஒளித்து வைக்கும்.

ஆய்வகத்தில் டிசி-சைன் பிணைப்பு தெரியவில்லையா? முதலில் தாங்கல் கரைசலைப் (பஃபர்) பாருங்கள். உலோக அயனிகளைப் பற்றிக்கொள்ளும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் மிஞ்சியிருந்தால் அது கால்சியத்தைப் பறித்துவிடும். நன்றாகக் கழுவி, 1–2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்த்துச் செய்யுங்கள். சிக்லெக் என்றால் சிக்கல் வேறு: அதே செல்லின் சியாலிக் அமிலமே ஏற்பியை அடைத்திருக்கலாம். சியாலிடேஸ் நொதி கொடுத்து அதை வெட்டிய பின் சோதியுங்கள்.