பானெட்டைத் திறந்தால் ஒன்றும் பிடிபடவில்லையே!

கேள்வி: என் தந்தை தம் அம்பாசிடர் காரை வாசலில் நிறுத்தித் தாமே பழுது பார்ப்பார், வீட்டு ஃபியூஸையும் அவரே போடுவார். எனக்கு இரண்டுமே கைவரவில்லை. குறை என்னிடமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை; மாறியது இயந்திரம். பழைய பெட்ரோல் அம்பாசிடரில் தீப்பொறி எழும் கணத்தைத் தீர்மானித்தது, மின்சாரத்தைச் சேர்த்துத் துண்டிக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு பாயிண்ட். அது அமர்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, கரி படிந்த பாயிண்டை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடு கொண்டு சுமார் 0.4 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தால், அடம்பிடித்த வண்டி பெரும்பாலும் கிளம்பிவிடும். அந்தப் பொறுமையான கைவேலை மறைவது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக இறுக, பெட்ரோலைக் காற்றோடு கலந்து தந்த கார்புரேட்டரின் இடத்துக்கு, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வந்தது. எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்பதையெல்லாம் சென்சார்களின் துணையோடு கணினியே முடிவு செய்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்னும் கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்தபின் இந்தச் சார்பு இன்னும் கூடிற்று. ஆயினும் ஏர் ஃபில்டர் மாற்றுவதும், பேட்டரி முனையில் பூத்த வெண்பொடியைத் துடைப்பதும் இன்றும் உங்களால் இயலும். ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள சாக்கெட்டில் செருகும் சிறு ஸ்கேனர், பழுதின் குறியீட்டையும் காட்டிவிடும். எனினும் அது சுட்டுவது அறிகுறியை மட்டுமே, காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

வீட்டு விஷயத்தில் மாற்றம் நல்லதே. பீங்கான் ஃபியூஸில் அவசரத்துக்குத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிய வீடுகளில், அது உருகாமல் வயரே சூடேறித் தீப்பற்றும் ஆபத்து இருந்தது. இன்றைய எம்சிபி என்னும் பாதுகாப்பு சுவிட்ச், மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும். ஏற்றியும் மீண்டும் விழுந்தால், வற்புறுத்தாமல் எலக்ட்ரீசியனை அழையுங்கள்.