வேலை தேடும் காலத்தில் ஊக்கம் ஏன் வற்றிவிடுகிறது, அதை எப்படிக் காப்பது?

வேலை தேடும்போது, செய்ய வேண்டியது தெரிந்திருந்தும் அதில் கை வைக்க மனம் வராத நிலையையே 'தேடல் சோர்வு' என்கிறேன். எந்தப் பேருந்து எப்போது வரும் என்று தெரியாத நிறுத்தத்தில் நிற்பதைப் போன்றது இது. அரைமணி நேரம் என்று தெரிந்தால் நிம்மதியாகக் காத்திருக்கும் நாம், தெரியாதபோது பத்து நிமிடத்திலேயே தளர்ந்துபோகிறோம். விண்ணப்பத்துக்குப் பதில் வருவதும் வராததும் நம் கையில் இல்லாததால், உழைப்புக்கும் பலனுக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிட்டதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு காரணம் இதைவிட ஆழமானது. ஆஸ்திரியாவின் மரியென்தால் என்ற ஊரில் நெசவாலை மூடப்பட்ட பின், சமூக உளவியலாளர் மரீ யஹோடாவும் சக ஆய்வாளர்களும் நடத்தி 1933-இல் வெளியிட்ட ஆய்வில், மக்களுக்கு நேரம் பெருகியிருந்தும் நூலகத்திலிருந்து அவர்கள் எடுத்த புத்தகங்கள் குறைந்தே போயிருந்தன. வேலை சம்பளத்தை மட்டுமன்றி, நாளுக்கு ஒரு வடிவத்தையும் தருகிறது என்பதே யஹோடா கண்டது.

ஆகவே அந்த வடிவத்தை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். காலையில் குறித்த நேரத்தில் அமர்ந்து, ஓர் அறிவிப்பை நிதானமாகப் படித்து, அது கேட்கும் திறனுக்கேற்பத் தன்விவரத்தின் முதல் பத்தியைத் திருத்தி அனுப்பினால், அன்றைய இலக்கு முடிந்தது என்று கொள்ளலாம். 'பதில் வர வேண்டும்' என்பது இலக்காகாது. மின்னஞ்சலை நாளுக்கு இருமுறை பார்த்தால் போதும். படுக்கையில் கிடந்து திரையைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பதுதான், என் கணிப்பில், மிக அதிகமாக மனத்தை உறிஞ்சுகிறது.

இந்தச் சோர்வைச் சோம்பல் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். உண்மையில் இது பெரும்பாலும் கடுமையாக முயன்று பதிலே கிடைக்காதவர்களுக்கு வருவது.